சுகந்தியின் இரண்டாம் சாட்சி

எங்கள் சபை வளர்ந்த கதையை, ஆண்டுவிழா முடிந்தபின் வெளிவரும் மலருக்கு இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி யோசுவா கேட்டான். யோசுவா இப்போது சபையின் போதகர். சபையைத் தொடங்கிய போதகர் அருள்நேசனின் மகன். நான் அதே சபையில் சம்பளத்துக்கு ஊழியம் செய்து ஓய்வு பெற்றவள். முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறேன் என்பதால் எனக்கு நேரம் மலிந்து கிடக்கிறது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

"அன்ரி, நீங்கள்தானே துவக்கத்தில இருந்து நிண்டனீங்கள். கொஞ்சம் சந்தோசமா எழுதுங்கோ," என்றான்.

"சந்தோசமா வேணுமெண்டா கேக்குக்கு ஓடர் குடு. என்னட்டக் கேட்டா நடந்ததுதான் வரும்," என்றேன்.

அவன் சிரித்தான். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டான்.

அதே கிழமை தர்ஷினி என்று ஒரு பெண் போன் எடுத்தாள். கலியாணம் கட்டி இங்கே கனடாவுக்கு வந்து அதிக காலம் ஆகாதவள். சபைக்குப் புதிது. என் நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறாள்.

"அன்ரி, சபையின்ர பழைய வீடியோ ஒண்டில மார்புக் கட்டி சுகமானதெண்டு ஒரு அக்கா சாட்சி சொல்லுறா. அவ இப்ப எங்க இருக்கிறா? நான் அவவோட ஒருக்காக் கதைக்கவேணும்."

"ஏன் பிள்ளை?"

"எனக்கும் அதுதான் அன்ரி. ஒப்பரேஷனுக்கு நாள் வைச்சிட்டினம். அதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிட்டு உபவாசம் இருந்து பாப்பமோ எண்டு யோசிக்கிறன்."

நாளைக்கு வீட்டுக்கு வா, நேரில் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் வந்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் யோசுவாவின் மலருக்கும் எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவன் பாடு.

நான் யாழ்ப்பாணத்தில் பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஊர்க் கோயிலில் யாராவது கைதட்டினால் குருவானவர் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார். அதன் பிறகு அந்த ஆள் இருமக்கூட யோசிப்பான். மொன்றியலுக்கு அகதியாக வந்து, அரசாங்க வகுப்பில் பிரெஞ்சு படித்து, டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என் எதிர்ப்பக்கம் நின்றவர் அருள்நேசன். நான் முள்ளுக்கரண்டி வைக்க, அவர் பாண் துண்டு வைப்பார். தலையில் வலைத்தொப்பியும் வெள்ளை மேலங்கியுமாக நின்றபடி அந்த மனிதர் முணுமுணுவென்று ஜெபிப்பார். இடைவேளையில் குளிரறைக் கதவோரம் இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்து நிற்பார்கள். சபையின் தொடக்கம் அதுதான். வேறு தரிசனம் கிரிசனம் ஒன்றும் இல்லை.

பிறகு லாசாலில் அவருடைய அப்பார்ட்மெண்டில் ஞாயிறு கூட்டம் நடந்தது. வாசல் நடை முழுக்கச் சப்பாத்தாகக் கிடக்கும். கீழ்வீட்டு மதாம் விளக்குமாற்றுக் கட்டையால் தன் கூரையில் இடிப்பா. வந்தவர்களில் பாதிப் பேர் சைவ சமயத்துக்காரர். பனிக்காலத்தில் நாலு சுவருக்குள் கிடந்து விசர் பிடித்த சனம், "சாப்பிட்டீங்களோ?" என்று தமிழில் கேட்க ஒரு வீடு இருக்கிறது என்பதற்காக வந்தது. போதகரின் மனைவி ரோல்ஸ் பொரித்து வைப்பா. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், அந்த ரோல்ஸுக்காக வந்தவர்களில் பலர் இன்றைக்கும் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

அப்பார்ட்மெண்டில் இடம் போதாமல் போக, தொழிற்சாலைகள் இருக்கும் தெருவில் ஒரு ரயர்க் கடைக்கு மேலே ஹோல் வாடகைக்கு எடுத்தோம். பனி ரயர் மாற்றும் காலத்தில் கடை ஞாயிறும் திறந்திருக்கும். பிரசங்கத்துக்கு நடுவே கீழே நட்டுக் கழற்றும் இயந்திரம் அலறும். போதகர் பேச்சை நிறுத்தி, அது ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். டோர்வல் வேலையை விட்டு முழுநேரமாக இறங்கியபோது என்னையும் ஊழியத்துக்குக் கூப்பிட்டார்.

எனக்கு இரண்டு வேலை. ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு கூடப்போய்ப் பிரெஞ்சில் பேசுவது. மற்றது, சாட்சி.

எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே யாராவது ஒருவர் மேடையேறி, தன் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததைச் சொல்வார். அதைத்தான் சாட்சி என்போம். சனம் பிரசங்கத்தில் தூங்கினாலும் சாட்சியில் தூங்காது. சொல்ல விரும்புகிறவர்கள் முதலில் என்னிடம் வரவேண்டும். குளிர் அங்கிகள் தொங்கும் சின்ன அறையில் அவர்களை இருத்தி, முழுவதையும் சொல்லவைத்துக் கேட்பேன். மைத்துனியோடு நடந்த சண்டையை வெட்டுவேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டுவேன். நோய் சுகமான சாட்சியென்றால் எனக்கு ஒரு கண்டிப்பு இருந்தது: டொக்டர் சொன்னதை டொக்டர் சொன்ன மாதிரியே சொல்லவேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிறவளுக்கு அந்தப் பழக்கம் ஊறிவிடும்.

மேடையில் நடப்பது என் கையில் இல்லை. போதகர் மைக்கை ஒருநாளும் இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார். ஒரு கையால் அவர்களுடைய தோளைப் பிடித்து, மறுகையால் மைக்கை அவர்கள் வாயருகே பிடிப்பார். யோசுவா அப்போது இளந்தாரி; கீபோர்ட் வாசிப்பான். சாட்சி சொல்கிறவரின் குரல் உடைந்தால் போதும், அவன் விரல் மெல்லத் தொடங்கிவிடும். யாரும் அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. தொடங்கி, பழகி, அதுவே முறையாகிவிட்டது.

அருள்நேசன் ஐயாவைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். மனிதர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பனிப்புயலில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் பனிக்குள் புதைந்த வேனைத் தானே தோண்டி எடுத்து ஓட்டிக்கொண்டு போவார். காசில் ஒரு சதம் கை வைக்காதவர். ஆனால் யாராவது கஷ்டமான கேள்வி கேட்டால் கண்ணாடியைக் கழற்றி, கழுத்து ரையின் நுனியால் துடைக்கத் தொடங்குவார். துடைத்து முடிந்து திரும்ப மாட்டும்போது கேட்டவருக்குக் கேள்வியே ஆறிப்போயிருக்கும். "ஜெபிப்பம்," என்பார். அந்தச் சொல்லுக்கு என்ன மறுமொழி சொல்வது? எனக்கு அதுதான் பத்திக்கொண்டு வரும்.

சுகந்தி எங்கள் டோர்வல் கூடத்தில் தட்டு அடுக்கியவள். புருஷன் ரவி, மொன்றியல் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். சைவக் குடும்பம், சுகந்தி மட்டும் சபைக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்தாள். இரண்டு பெண்பிள்ளைகள். மார்பில் கட்டி வந்தபோது நான்தான் ஒவ்வொரு முறையும் கூடப் போனேன். முதலில் மருந்து ஏற்றி, கட்டியைச் சுருக்கி, பிறகு வெட்டி எடுப்பது என்று டொக்டர் மதாம் சொன்னா. தலைமயிர் கொட்டியது. சுகந்தி பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, "அக்கா, பாத்தீங்களோ, ஷாம்பூச் செலவு மிச்சம்," என்பாள். சபை முழுக்க அவளுக்காக உபவாசம் இருந்தது. ஞாயிறுதோறும் போதகர் எண்ணெய் பூசி ஜெபித்தார்.

ஒருநாள் டொக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, கைக்குத் தட்டுப்படவில்லை என்றா. முகத்தில் சிரிப்பு. நான் சுகந்திக்குச் சொன்னேன்: "மருந்து நல்லா வேலை செய்யுதாம். வெளியால தெரியாத அளவுக்குச் சுருங்கிட்டுதாம். ஆனா உள்ளுக்கை இருக்குமாம். மிச்ச மருந்தும் ஒப்பரேஷனும் கட்டாயம் எண்டுறா." சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தை விட்டு அவ்வளவு சந்தோசமாக நான் வெளியே வந்தது அந்த ஒரு முறைதான்.

அந்த ஞாயிறு சாட்சி சொல்ல வந்தாள். அங்கி அறையில் எனக்குச் சொல்லிக் காட்டினாள்: "டொக்டர் மருந்து ஏத்தினவ, சபை ஜெபிச்சது, கட்டி சுருங்கியிருக்கு. இன்னும் ஒப்பரேஷன் இருக்கு, அதுக்கும் ஜெபியுங்கோ."

"இதையே சொல்லு. ஒரு சொல் கூட்டாதை," என்றேன்.

மேடையில் நாலு வசனம் சொல்லுவதற்குள் குரல் உடைந்தது. கீபோர்ட் தொடங்கியது. சனம் எழுந்து நின்று கையை உயர்த்திவிட்டது. போதகருக்கும் கண் கலங்கியிருந்தது. தோளைப் பிடித்தபடி கேட்டார்.

"இப்ப கட்டி இருக்கோ, மகள்?"

"கைக்குத் தட்டுப்படேல்லை ஐயா."

"தட்டுப்படேல்லையோ, இல்லையோ?"

சுகந்தி சனத்தைப் பார்த்தாள். அவ்வளவு முகமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "இல்லை ஐயா," என்றாள்.

"ஆர் எடுத்தது?"

"கர்த்தர்."

நான் பின்னுக்கு நின்று, "ஐயோ, அப்பிடியில்லை," என்று சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. அந்த ஸ்தோத்திரச் சத்தத்தில் கீழே ரயர்க்காரர்களே வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்த்திருப்பார்கள்.

இறங்கி வந்தவளைப் பிடித்துக் கேட்டேன். "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி?"

"தெரியேல்லை அக்கா. வாய் தன்ர பாட்டில சொல்லிப்போட்டுது. ஆனா சொல்லேக்கை உண்மை மாதிரித்தான் இருந்தது."

அடுத்த மருந்து நாளன்று ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை. நேரே லாசாலுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். ரவி கதவைத் திறந்தார். வேலைக்குப் போகாமல் நின்றிருக்கிறார்.

"நீங்களே கேளுங்கோ அக்கா," என்றார். "நான் சாமி கும்பிடுற ஆள்தான். ஆனா ஒப்பரேஷனுக்குப் போகாதை எண்டு எந்தப் பிள்ளையாரும் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை."

சுகந்தி சோபாவில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். "அக்கா, அவ்வளவு சனத்துக்கு முன்னால கர்த்தர் எடுத்திட்டார் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப போய் வெட்டுங்கோ எண்டு படுத்தா அது என்ன? நான் பொய்க்காரி எண்டா பரவாயில்லை. கர்த்தரின்ர பேர் என்ன ஆகும்?"

"கர்த்தர் தன்ர பேரைத் தான் பாத்துக்கொள்ளுவார். நீ உன்ர பிள்ளையளைப் பார்," என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். யோசிக்கிறன் அக்கா, யோசிக்கிறன் என்றாளே தவிர, அவள் அசையவில்லை. டொக்டர் எனக்கு இரண்டு முறை போன் எடுத்து, எப்படியாவது கூட்டி வாருங்கள் என்றா. ஒளித்துக்கொண்டிருக்கிற கட்டி போன கட்டி இல்லை என்று அவ சொன்னதை அப்படியே போய்ச் சுகந்திக்குச் சொன்னேன். சாட்சி சொல்லாத ஒருத்தியாக இருந்திருந்தால் வந்திருப்பாள். மேடை ஏறியதுதான் அவளைக் கட்டிப்போட்டது.

ஒரு ஆளின் சொல்லைத்தான் அவள் கேட்பாள் என்று தெரிந்து போதகரிடம் போனேன்.

"ஐயா, ஒப்பரேஷனுக்குப் போகச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. மேடையில வேண்டாம், வீட்டில போயாவது சொல்லுங்கோ."

கண்ணாடியைக் கழற்றினார். "நான் போகவேண்டாம் எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே அக்கா."

"போ எண்டும் சொல்லேல்லையே."

"அது அந்தப் பிள்ளைக்கும் கர்த்தருக்கும் இடையில உள்ள விசுவாசம். நான் நடுவில கை வைக்கேலாது."

"நீங்கள் காலமை காலமை பிறஷருக்கு மருந்துக் குளிசை போடுறீங்கள்தானே?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "அது வேற," என்றார். பிறகு, "ஜெபிப்பம்," என்றார்.

அவர் மோசக்காரன் இல்லை என்று திரும்பவும் சொல்கிறேன். அந்தச் சாட்சியை அவர் உண்மையாகவே நம்பினார். அந்த மேடையில் அவருக்கும் ஒரு பிரார்த்தனைக்கு விடை கிடைத்திருந்தது. அதைக் கைவிட அவருக்கு மனமில்லை. ஆனால் தன் உடம்புக்கு ஒரு நியாயமும் சுகந்தியின் உடம்புக்கு வேறு நியாயமும் வைத்திருந்தாரே, அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

இதற்குள் சபை பெருகத் தொடங்கிவிட்டது. அந்தச் சாட்சியின் வீடியோ கைமாறிக் கைமாறி எங்கெல்லாமோ போனது. ஒட்டாவாவிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கார் கட்டி வந்தார்கள். ரயர்க் கடை மாடியில் இடம் காணாது என்று, ஆள் வராமல் மூடிக் கிடந்த பிரெஞ்சுக்காரரின் பழைய கற்கோயிலொன்றை வாங்கினோம். திறப்பு விழாவில் சுகந்திதான் நாடா வெட்டினாள். தலையில் மயிர் திரும்ப வளர்ந்திருந்தது, பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டாள். என்ன பிள்ளை என்று கேட்டதற்கு, "கட்டில் சரியில்லை அக்கா, புது மெத்தை வாங்கவேணும்," என்றாள். அன்றைக்கு எடுத்த படம் இப்போதும் சபை வாசலில் தொங்குகிறது.

மெத்தை மாற்றியும் வலி போகவில்லை. நடக்க முடியாமல் போனபிறகுதான் ரவி அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் போனேன். முதுகெலும்பிலும் ஈரலிலும் பரவிவிட்டது என்று அதே டொக்டர் மதாம் சொன்னா. அவ யாரையும் குற்றம் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, மெதுவாகச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னா. நான் இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட செய்தி மொழிபெயர்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தமிழே வரவில்லை. சுகந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்கோ அக்கா, விளங்கிட்டுது," என்றாள்.

சில நாள் கழித்து, ஊசி போட்டு வலி கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு பின்னேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அக்கா, எனக்கு ஒருக்கா மைக் வேணும்."

"என்னத்துக்கு?"

"எங்கட சபைச் செல்லத்துரை அண்ணை இன்சுலினை விட்டிட்டாராம். நான் சொன்னதைக் கேட்டுத்தானாம். இன்னும் ஆர் ஆர் என்னத்தை விட்டிட்டினமோ தெரியாது. நான்தான் சொன்னனான், நான்தான் திருப்பிச் சொல்லவேணும்."

என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். அங்கி அறையில் சொல்லிக் காட்டுகிற மாதிரியே சொல்லிக் காட்டினாள். எனக்கு அது மனப்பாடம்.

"நான் மேடையில சொன்னது பிழை. கட்டியைச் சுருக்கினது மருந்து. அது முழுக்கப் போகேல்லை. வெக்கத்தில நான் ஒப்பரேஷனுக்குப் போகேல்லை. என்னைப் பாத்து ஒருத்தரும் மருந்தை விடாதேங்கோ. நான் இப்பவும் கர்த்தரை விசுவாசிக்கிறன்."

வெட்டுவதற்கு அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. போதகரிடம் சொன்னேன். "பிறகு பாப்பம் அக்கா. சனத்தின்ர விசுவாசம் விழுந்திடும்," என்றார். அடுத்த கிழமையும் அதையே சொன்னார். "சனத்தின்ர விசுவாசம் விழுந்தா எழும்பும் ஐயா, செல்லத்துரை அண்ணையின்ர கால் போனா வராது," என்றேன். சொன்னபடியே பிறகு செல்லத்துரை அண்ணையின் பாதத்தை வெட்டவேண்டி வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கெஞ்சி ஒரு ஞாயிறு அவளை வெளியே எடுத்தோம். ரவி சக்கரநாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கோயில் வாசலில் என்னிடம் தந்தார். அவர் உள்ளே வரவில்லை. நான் நடுவழியால் தள்ளிக்கொண்டு மேடைக்கு முன்னால் கொண்டுபோய் விட்டேன். சனம் அவளைக் கண்டு விம்மியது. மறுக்க முடியாமல் போதகர் மைக்கோடு இறங்கி வந்தார். வழக்கம்போல் தோளில் ஒரு கை.

"நான் போனமுறை சொன்னது..." என்று தொடங்கினாள். மூச்சு இழுத்தது. குரல் உடைந்தது.

கீபோர்ட் தொடங்கிவிட்டது.

யோசுவா வேண்டுமென்று செய்யவில்லை. அவன் அழுகையைக் கேட்டான், விரல் தன்பாட்டில் போனது. சனம் எழும்பியது, பாட்டை எடுத்தது. போதகர் மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோய் ஸ்தோத்திரம் சொன்னார். சுகந்தி நிறுத்தவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நின்றேன். எனக்குச் சொல்லிக் காட்டிய அத்தனையையும் கடைசிச் சொல்வரை சொல்லி முடித்தாள். கேட்டது நான் ஒருத்திதான்.

வெளியே வந்ததும், "சனத்துக்குக் கேட்டதோ அக்கா?" என்றாள்.

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இல்லைப் பிள்ளை. பாட்டு மூடிப்போட்டுது."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ," என்றாள்.

அந்த மாதமே அவள் போய்விட்டாள். செத்தவீட்டில் எனக்கு ஒரு நிமிடம் தாருங்கள் என்று கேட்டேன். நிகழ்ச்சி நிரம்பிவிட்டது என்றார்கள். போதகர் அவளை விசுவாச வீராங்கனை என்று சொல்லிப் பிரசங்கித்தார். ரவி பிள்ளைகள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு நடுவிலேயே எழுந்து போனார். அதற்குப் பிறகு அவருக்குச் சபையில் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லை, என்னோடும்தான்.

மைக் கிடைக்காவிட்டால் என்ன, எனக்கு வாய் இருந்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர் எனக்குப் பிசாசு பிடித்துவிட்டது என்றார்கள். சாட்சி கேட்கும் வேலையை என்னிடமிருந்து எடுத்து, ஆஸ்பத்திரி வேலையை மட்டும் என்னிடம் விட்டுவைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அதைச் செய்தேன். வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் கேட்டேன். ஜெபிப்பம் என்றார்கள்.

இவ்வளவையும் தர்ஷினிக்குச் சொல்லி முடிக்கத் தேநீர் ஆறிப்போய்விட்டது.

"அப்ப அந்த வீடியோவை ஏன் இன்னும் வைச்சிருக்கினம் அன்ரி?"

"சபை வளருதெல்லோ," என்றேன்.

ஒப்பரேஷனுக்குப் போ என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள். என் கதையை நம்பினாளா, கிழவிக்குப் பழைய கோபம் என்று நினைத்தாளா, எனக்குப் பிடிபடவில்லை. சுகந்தியும் இப்படித்தான் யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்றாள்.

ஆண்டுவிழா ஞாயிறுக்கு முன் யோசுவா திரும்பப் போன் எடுத்தான். "சுகந்தி அக்காவின்ர சாட்சியைப் பெரிய திரையில போடப்போறம் அன்ரி. அது முடிய நீங்கள் வந்து ரெண்டு வார்த்தை சொல்லுவீங்களோ?"

என் பழைய கோபம் வயதோடு ஆறிவிட்டது என்று நினைத்தான் போல. "வாறன்," என்றேன்.

கோயில் நிறைந்திருந்தது. அருள்நேசன் ஐயா முன்வரிசையில் ஊன்றுகோலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு இருந்தார். திரையில் சுகந்தி தோன்றினாள், அதே பூப்போட்ட துணி. தட்டுப்படேல்லையோ, இல்லையோ? இல்லை ஐயா. சனம் எழுந்து கைதட்டியது. நான் பொல்லை ஊன்றிக்கொண்டு மேடையேறினேன். நேரே கீபோர்டுக்குப் போனேன். ஒரு பெட்டைப்பிள்ளை இருந்தாள்.

"கையை எடு பிள்ளை. நான் அழுதாலும் தொடக்கூடாது," என்றேன்.

யோசுவா தகப்பனைப் போலவே மைக்கைத் தன் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "குடு தம்பி," என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுத் தந்தான். நான் கீபோர்டுக்குப் போனதைப் பார்த்தபோதே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இப்ப நீங்கள் பாத்த பிள்ளை உயிரோட இல்லை," என்று தொடங்கினேன். "அவ சாக முதல் இன்னொரு சாட்சி சொன்னவ. நீங்கள் பாட்டுப் பாடினதால கேக்கேல்லை. அதை நான் சொல்லுறன்." சுகந்தியின் வசனங்களை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். நான் இப்பவும் கர்த்தரை விசுவாசிக்கிறன் என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. கீபோர்ட் வரவில்லை.

ஆமென் என்று ஒருவரும் சொல்லவில்லை. அருள்நேசன் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போது நடுவரிசையில் தர்ஷினி எழுந்தாள்.

"அன்ரி, செவ்வாய்க்கிழமை என்னோட ஆஸ்பத்திரிக்கு வருவீங்களோ? எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு காணாது."

அவளிடம் மைக் இல்லை. ஆனாலும் அந்தக் கற்கோயிலில் அது எல்லோருக்கும் கேட்டது.

"வாறன் பிள்ளை," என்றேன்.

அந்த ஞாயிறு ஆராதனையின் வீடியோவும் பிறகு போட்டார்கள். சுகந்தி இருக்கிறாள், கைதட்டு இருக்கிறது, உடனே முடிவுப் பாட்டு வருகிறது. என்னை வெட்டிவிட்டார்கள். அதனால்தான் இரண்டு பக்கம் கேட்டவனுக்கு இவ்வளவு எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தர்ஷினிக்கு ஒப்பரேஷன் நடந்தது. நான்தான் டொக்டர் சொன்னதெல்லாம் அவளுக்குச் சொன்னேன். ஒரு மார்பு போய்விட்டது, ஆள் இருக்கிறாள். போன கிழமை சபையிலிருந்து அவளுக்குப் போன் வந்ததாம், சுகமானதுக்குச் சாட்சி சொல்ல வருவீர்களோ என்று. "மருந்தையும் ஒப்பரேஷனையும் சேர்த்துச் சொல்லலாமெண்டா வாறன்," என்றாளாம். கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். இன்னும் கூப்பிடவில்லை.